விழாத தோப்பின் படம்: கஜா நிவாரணத்துக்காக விற்ற பிரிண்டுகள் எப்படி இருக்கின்றன?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அடுத்து வந்த வாரங்களில், பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர், சென்னையில் வேலை பார்ப்பவர், தன்னிடம் இருந்த சொந்தப் புகைப்படங்களைப் பிரிண்ட் போட்டு நிவாரணத்துக்காக விற்றார். பெயரைப் போடுவது அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். தொழில்முறைப் புகைப்படக்காரர் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் சுற்றியவர். நான் வாங்கியது இரண்டு: ஒரு தென்னந்தோப்பு, ஒரு முத்துப்பேட்டைப் படகுப் படம். இவ்வளவு தாமதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிரிண்ட் நல்லதா இல்லையா என்பது வாங்கிய வாரத்தில் தெரியாது, சில கோடையும் சில மழைக்காலமும் சுவரில் தொங்கினால்தான் தெரியும். அப்புறம், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் யாராவது ஒருவர் இதே போல ஆரம்பிக்கிறார்கள், அவர்களுக்கும் பயன்படட்டும்.

முதலில் பணம் போன வழியைச் சொல்கிறேன், இந்த விற்பனையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அவர் ஒரு ரூபாய்கூடக் கையில் வாங்கவில்லை. 12க்கு 18 அங்குலப் படம் 1,500 ரூபாய், 8க்கு 12 என்றால் 800. அந்தத் தொகையை நாமே முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கட்டிவிட்டு ரசீதை அவருக்கு அனுப்ப வேண்டும். ரசீது வந்ததும் பிரிண்ட் போடுவார். லேப் செலவு, பேக்கிங், கொரியர் எல்லாம் அவருடையது. இதனால் ரசீது நம் பெயரிலேயே இருக்கும், அப்போது வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் முழுத் தொகைக்கும் வரிக் கழிவு இருந்தது (ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால் கிடையாது). அவரே வசூலித்து மொத்தமாகக் கட்டியிருந்தால் ரசீது அவர் பெயரில் இருந்திருக்கும், பணம் போய்ச் சேர்ந்ததா என்று நாமும் கேட்டுக்கொண்டே இருந்திருப்போம், கேட்கவும் கூச்சமாக இருந்திருக்கும். அரசு நிதிக்குப் போவதற்குப் பதில் நேராக ஊர்களுக்குப் போகட்டும் என்று அப்போது சிலர் சொன்னார்கள். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது, மின்கம்பங்கள் லட்சத்துக்கு மேல் சாய்ந்து ஊர் ஊராக இருட்டில் கிடந்த நேரம் அது. ஆனாலும் தனி ஒருவர் கணக்கு வைத்துப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதைவிட இந்த வழி சுத்தமானது என்றுதான் நினைக்கிறேன்.

விலை அதிகம் என்று சிலர் குறைப்பட்டார்கள். கலர் லேபில் இதே அளவு பிரிண்ட் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமயத்தில் விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு அறிவித்தது 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக மொத்தம் 1,100. நான் ஒரு படத்துக்குக் கொடுத்தது அதைவிடக் கூடுதல். நெட்டை ரகக் கன்று வைத்தால் பாளை விட ஆறேழு வருடம் ஆகும், அதுவரை அந்தக் குடும்பம் என்ன செய்யும்? பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குப் படிப்பு எல்லாமே தேங்காய் வெட்டுப் பணத்தில்தான். இதை யோசித்த பிறகு 1,500 எனக்குக் குறைவாகத்தான் பட்டது. இன்னும் பெரிய அளவில் ஒரு பிரிண்ட்டை 5,000 ரூபாய்க்கு வைத்திருந்தாலும் வாங்க ஆள் இருந்திருப்பார்கள்.

சரி, படங்கள். அவர் விற்பனைக்கு வைத்த படப் பட்டியலில் இருந்த எதிலும் விழுந்த மரம் இல்லை, கூரை பறந்த வீடு இல்லை, முகாமில் தட்டேந்தி நிற்கும் முகம் இல்லை. எல்லாமே புயலுக்கு முன்னால் எடுத்தவை. தண்ணீர் கட்டிய தென்னந்தோப்பில் சாய்வாக விழும் மாலை வெயில், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் கழி ஊன்றிப் போகும் படகு, வேதாரண்யத்தில் கீற்று போர்த்திய உப்புக் குவியல்கள், கோடியக்கரையில் தலை தூக்கிப் பார்க்கும் வெளிமான். இப்படித் தேர்ந்தெடுத்ததற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். அழிவின் படம் அந்த வாரம் எல்லார் போனிலும் இருந்தது. அதில் அழுதுகொண்டிருப்பவரிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள், கேட்டாலும் அந்த நிலைமையில் அவர் சரி என்பதற்கு அர்த்தம் கிடையாது. அந்த முகத்தை 1,500 ரூபாய்க்கு விற்று, வாங்கியவர் ஹாலில் மாட்டுவது, அந்தப் பணம் எவ்வளவு நல்ல காரியத்துக்குப் போனாலும், எனக்கு ஒப்பவில்லை. தோப்புப் படத்துக்குக்கூட அந்தத் தோப்புக்காரரிடம் கேட்டுத்தான் பட்டியலில் சேர்த்ததாகவும், அவருக்கு ஒரு பிரிண்ட் கொடுத்ததாகவும் படத்தின் கீழேயே குறிப்பு இருந்தது. அந்தத் தோப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. பிள்ளைகள் தவழ்ந்த நாளிலிருந்து பார்த்த தோப்பைச் சும்மா நிற்கும்போது யாரும் படம் எடுத்து வைப்பதில்லை, தோப்புக்காரரிடம் இருந்த ஒரே படமும் இதுதானாம்.

இனி பிரிண்டின் தரம். தோப்புப் படம் 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது, 12க்கு 18 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிக்கும் மேல் தாராளமாக வரும், பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் கீற்றின் நுனி கூர்மையாக இருக்கிறது. மேட் பேப்பர், பளபளப்பு கிடையாது, அதனால் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியும் கண் கூசவில்லை. நிழல் பகுதி மட்டும் கொஞ்சம் இருட்டு, கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சத்தை ஏற்றி வைத்துத் திருத்தினால் பிரிண்டில் இப்படித்தான் வரும். முத்துப்பேட்டைப் படம் போனில் எடுத்தது. போன் படம் 4க்கு 3 வாக்கில் இருக்கும், 12க்கு 18 என்றால் மேலேயோ கீழேயோ வெட்டியாக வேண்டும். இதில் வானத்தை வெட்டியிருக்கிறார்கள், படகுக்கு மேலே மூச்சு முட்டுகிறது. 12க்கு 16 போட்டிருந்தால் வெட்டே தேவைப்பட்டிருக்காது. நேரம் எடுத்துச் சொல்லக் காரணம், இந்தக் குறை எல்லா அமெச்சூர் விற்பனையிலும் இருக்கிறது, பட்டியலில் முழுப் படத்தைக் காட்டிவிட்டு வெட்டிய படத்தை அனுப்புகிறார்கள்.

பேக்கிங்தான் பெரிய குறை. இரண்டு பிரிண்டையும் சேர்த்துச் சுருட்டி மெல்லிய அட்டைக் குழாயில் அனுப்பியிருந்தார். கொரியர்காரர்கள் எதை மேலே வைத்தார்களோ, குழாய் நடுவில் நசுங்கி வந்தது, படகுப் படத்தின் ஓரத்தில் ஒரு மடிப்பு. சொன்னதும் மறு பேச்சில்லாமல் வேறு பிரிண்ட் அனுப்பினார், அதுவும் அவர் செலவு, அது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தடித்த பிவிசி குழாயில் வைத்திருந்தால் இந்த இரட்டைச் செலவு இல்லை.

இத்தனை வருடம் கழித்து இப்போது எப்படி? தோப்பு நன்றாக இருக்கிறது, பச்சை லேசாக மங்கியது போல் தெரிகிறது, அவ்வளவுதான். ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொன்னேன், சென்னைப் புழுக்கத்தில் அது இல்லாவிட்டால் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. படகுப் படத்துக்கு லேமினேஷன் போட்டோம், ஓரத்தில் காற்றுக் குமிழி வர ஆரம்பித்திருக்கிறது. லேமினேஷன் வேண்டாம் என்பதே என் கருத்து.

இதே போலச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. விற்பனைக்குக் கடைசித் தேதி வையுங்கள், எல்லாப் படத்துக்கும் ஒரே விலை வையுங்கள். 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனைக்காக நூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படக்காரர்கள் சேர்ந்து எந்தப் படமானாலும் 150 டாலர் என்று விற்றார்கள், பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. இவர் தேதி வைக்கவில்லை, ஜனவரிக்குப் பிறகு கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், கடைசியில் மொத்தம் எவ்வளவு ரசீது வந்தது என்று ஒரு கூட்டுத்தொகையும் அவர் வெளியிடவில்லை. வாங்கியவர்களுக்கு அது ஒரு நிறைவைக் கொடுத்திருக்கும். வாங்குபவர்கள் கேட்க வேண்டியது: பணம் யார் கணக்குக்கு, ரசீது யார் பெயரில், வெட்டாத படமா, அனுப்புவது எதில் வைத்து. இந்த நாலுக்கும் பதில் சொல்பவரிடம் தயங்காமல் வாங்கலாம். படத்தில் தெரியும் ஆட்களிடம் கேட்டீர்களா என்பதையும் மறக்காமல் கேளுங்கள், அதற்குப் பதில் இல்லையென்றால் நிதிக்கு நேராகப் பணம் கட்டிவிடுங்கள், படம் வேண்டாம்.