லைன்மேன்களுக்குக் கொடுக்கும் விலை: ஓவர் த கேப் தளத்தை வைத்து ஒரு கணக்கு

மார்ச் மாதத்தின் நடுவில், ஒப்பந்தம் முடிந்த வீரர்களை அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் விலை பேசத் தொடங்கும் அந்த இரண்டு மூன்று நாட்களில், நான் விளையாட்டுச் செய்திகளைவிட ஓவர் த கேப் என்ற இணையதளத்தையே அதிகம் பார்க்கிறேன். ஜேசன் ஃபிட்ஸ்ஜெரால்ட் தொடங்கிய இத்தளம், அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் ஒப்பந்தங்களை ஆண்டுவாரியாகப் பிரித்து, எந்தப் பணம் உறுதியானது, எது பெயரளவுக்கு எழுதப்பட்டது, ஒரு வீரரை நீக்கினால் அணிக்கு எவ்வளவு சுமை மிஞ்சும் என்பதையெல்லாம் கட்டணமின்றிக் காட்டுகிறது. இதன் தரத்தை எடைபோட, ஃப்ரீ ஏஜென்சி எனப்படும் இந்த மார்ச் சந்தையில் ஆஃபென்சிவ் லைன்மேன்களுக்கு அணிகள் தகுதிக்கு மீறிக் கொடுக்கின்றனவா என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, விடை கிடைக்கும்வரை பக்கம் பக்கமாகத் தேடினேன். ஆண்டுதோறும் எழும் கேள்வி இது. பெரும்பாலும் ஆம் என்ற பதிலோடே எழுகிறது.

ஆட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் முன்னால் வரிசையாக நிற்கும் ஐந்து பேர்தான் ஆஃபென்சிவ் லைன். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட் இருவர், ஓரங்களில் டேக்கிள் இருவர். பந்தைத் தொட்டு ஓடுவதோ புள்ளி எடுப்பதோ இவர்கள் வேலையல்ல. எதிரணியின் பாய்ச்சலைச் சில நொடிகள் தடுத்து நிறுத்துவதே வேலை. இவர்கள் பெயரில் எழுத எண்கள் அதிகம் இல்லாததால்தான் இவர்களுடைய விலையைப் பற்றி இத்தனை சச்சரவு.

தளத்தின் முதல் சிறப்பு, தலைப்புச் செய்தியில் வரும் தொகையை அது உடைத்துக் காட்டும் விதம். முகவர்கள் வழியாக முதலில் வெளிவரும் எண் பெரும்பாலும் ஒப்பந்தத்தின் மிகப் பெரிய எண்ணாகவே இருக்கும். ட்ரென்ட் பிரவுன் 2019-இல் ரெய்டர்ஸ் அணியில் நான்கு ஆண்டுகளுக்கு 6.6 கோடி டாலருக்குச் சேர்ந்தபோது, லைன்மேன்களிலேயே அதிகச் சம்பளம் பெறுபவர் என்று பேசப்பட்டார். அதில் உறுதி செய்யப்பட்டது 3.675 கோடி மட்டுமே. அவர் அந்த அணிக்காக இரண்டு பருவங்களில் 16 ஆட்டங்கள் ஆடினார். 2021 மார்ச்சில் பழைய அணியான பேட்ரியட்ஸுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். 6.6 கோடி வீணானது என்று சொல்வது தவறு. ஆனால் உறுதித் தொகையை மட்டும் ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தாலும் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 23 லட்சம் டாலர் வருகிறது. சரியான எண்ணை எடுத்துக்கொண்ட பிறகும் அது மோசமான கொள்முதல்தான். எவ்வளவு மோசம் என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது என்பதே இந்தத் தளத்தால் வரும் பயன்.

இரண்டாவது சிறப்பு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பழைய ஒப்பந்தங்களைக் காட்டும் பக்கத்தில், ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி, கையெழுத்தான ஆண்டின் சம்பள உச்சவரம்பில் எத்தனை விழுக்காடு என்பது கொடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு லீக் விதிக்கும் எல்லை அது. 2018-இல் 17.72 கோடி டாலராக இருந்த அந்த எல்லை 2025-இல் 27.92 கோடியாக உயர்ந்துவிட்டது. ஆகவே இன்றைய தொகையை அன்றைய தொகையோடு நேராக ஒப்பிட்டு விலை ஏறிவிட்டது என்று புலம்புவதில் பொருளில்லை.

விழுக்காட்டில் பார்த்தால் கதை மாறுகிறது. 2018-இல் நேட் சோல்டர் ஜயன்ட்ஸ் அணியில் நான்கு ஆண்டுகளுக்கு 6.2 கோடிக்குச் சேர்ந்தார். ஆண்டுச் சராசரி அன்றைய எல்லையில் 8.7 விழுக்காடு. ட்ரென்ட் பிரவுனின் ஒப்பந்தம் 8.8 விழுக்காடு. 2023-இல் ப்ராங்கோஸ் அணி மைக் மெக்கிளிஞ்சிக்கு ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுத்த 8.75 கோடி 7.8 விழுக்காடு. 2025-இல் டைட்டன்ஸ் அணி டான் மூருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 8.2 கோடி கொடுத்தபோது எழுந்த கண்டனம் கொஞ்சமல்ல; ஆனால் அது 7.3 விழுக்காடுதான். இடையில் 2023-இல் சீஃப்ஸ் அணி ஜவான் டெய்லருக்குக் கொடுத்தது மட்டும் ஏறக்குறைய 8.9 விழுக்காட்டைத் தொட்டது. சந்தையில் கிடைக்கும் டேக்கிள் ஒருவருக்கு அணியின் பணப்பையிலிருந்து போகும் பங்கு இந்த ஏழு ஆண்டுகளில் உயரவில்லை. சற்றுக் குறைந்தே இருக்கிறது. அட்டவணையில் இந்த ஒரு விழுக்காட்டு வரிசையைக் காட்டியதற்காகவே தளத்துக்கு என் நன்றி.

ஆனால் பங்கு உயரவில்லை என்பதால் விலை நியாயம் என்று ஆகிவிடாது. வாங்கிய சரக்கு என்ன என்று பார்க்க வேண்டும். இங்கேதான் ஓவர் த கேப் நம்மைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறது. மீதியை ஆட்டங்களைப் பார்த்தும், லீக்கின் விதிகளைப் படித்தும் நாமே நடக்க வேண்டும்.

முதல் தர இடது டேக்கிள் ஒருவர் நல்ல வயதில், நல்ல உடல்நிலையில் சந்தைக்கு வருவது மிக அரிது. பெனே சூவல், டிரிஸ்டன் வர்ஃப்ஸ், ரஷான் ஸ்லேட்டர் ஆகிய மூவரும் 2024, 2025 ஆண்டுகளில் பெரும் ஒப்பந்தங்கள் பெற்றனர். மூவரும் தங்களை டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறை) எடுத்த அணியிலேயே நீட்டிப்புப் பெற்றவர்கள். அதையும் மீறி ஒருவர் விலகப் பார்த்தால், ஃபிரான்சைஸ் டேக் என்ற முறையில் ஓராண்டுச் சம்பளம் கொடுத்து அவரை நிறுத்தி வைக்கும் உரிமை அணிக்கு உண்டு. ஆக, மார்ச்சில் சந்தையில் நிற்கும் டேக்கிள் பெரும்பாலும் அவருடைய அணியே பார்த்துப் பார்த்து விட்டுக்கொடுத்தவர். அவரை நன்கு அறிந்தவர்கள் வேண்டாம் என்ற விலைக்கு அறியாதவர்கள் வாங்குகிறார்கள்.

பேட்ரியட்ஸ் அணி இதை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் செய்து காட்டியது. சோல்டரை விட்டுக்கொடுத்து, அவருடைய இடத்துக்கு ட்ரென்ட் பிரவுனை வேறோர் அணியிலிருந்து பரிமாற்றத்தில் பெற்று, லைன் பயிற்சியாளர் டான்ட்டே ஸ்கார்னெக்கியாவின் கையில் ஒப்படைத்து, அந்தப் பருவத்தில் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலும் வென்று, பிறகு அவரையும் விட்டுக்கொடுத்தது. சோல்டருக்கு ஈடாக 2019-இலும் பிரவுனுக்கு ஈடாக 2020-இலும் மூன்றாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு லீக்கின் விதிப்படி அந்த அணிக்குக் கிடைத்தது. வாங்கிய இரண்டு அணிகளும் வீரர்களை மட்டுமே வாங்கின. அவர்களை அப்படி ஆட வைத்த பயிற்சியாளர் பழைய இடத்திலேயே இருந்தார். ஓர் அணி வீரர்களை இழந்ததற்கு ஈடாக எந்தச் சுற்று வாய்ப்புப் பெறும் என்பதை ஓவர் த கேப் முன்கூட்டியே கணித்துத் தருகிறது. லைன்மேன் சந்தையைப் புரிந்துகொள்ள அந்தப் பக்கம் ஒப்பந்தப் பக்கத்துக்கு இணையாக உதவுகிறது. விற்றவரின் லாபத்தைப் பார்க்காமல் வாங்கியவரின் நட்டத்தை அளக்க முடியாது.

கார்ட் விஷயத்தில் நிலைமை வேறு. ஃபிரான்சைஸ் டேக் தொகையைக் கணக்கிடும்போது லீக் ஐந்து லைன் இடங்களையும் ஒரே பிரிவாகச் சேர்க்கிறது. உச்சச் சம்பளங்கள் நெடுங்காலமாக டேக்கிள்களிடமே இருந்து வந்ததால், டேக் தொகையும் டேக்கிள் விலையிலேயே நிற்கிறது. ஒரு கார்டையோ சென்டரையோ நிறுத்தி வைக்க அந்த விலை கொடுக்க அணிகள் தயங்குகின்றன. அதனால் உண்மையிலேயே முதல் தரமான கார்ட் சந்தைக்கு வருவது நடக்கிறது. முதல் தர டேக்கிளுக்கு அது அவ்வளவாக நடப்பதில்லை. என் கணிப்பில் இந்தக் கேள்வியின் விடை இங்கேதான் இருக்கிறது. அணிகள் லைன்மேன்களுக்குப் பொதுவாக அதிகம் கொடுப்பதில்லை. சந்தைக்கு வரும் நடுத்தர டேக்கிளுக்கு அதிகமும், சந்தைக்கு வரும் சிறந்த கார்டுக்குக் குறைவும் கொடுத்து வந்திருக்கின்றன.

ஜோ தூனியை எடுத்துக்கொள்வோம். 2020-இல் பேட்ரியட்ஸ் அவருக்கு டேக் போட்டது. மறுமுறை போட வேண்டுமானால் அதைவிட 20 விழுக்காடு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்ற நிலையில் விட்டுவிட்டது. 2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் சீஃப்ஸ் அணி, தன் தொடக்க டேக்கிள் இருவரும் காயத்தால் இல்லாமல் இறங்கி, பக்கனியர்ஸிடம் 31-9 என்று தோற்றிருந்தது. அதன் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் அன்று முழுதும் உயிரைக் காத்துக்கொள்ள ஓடுவதைப்போல் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த மாதமே சீஃப்ஸ் தூனியை ஐந்து ஆண்டுகளுக்கு 8 கோடிக்கு வாங்கியது. அவ்வாண்டின் எல்லையில் அது 8.8 விழுக்காடு. பெருந்தொற்றால் எல்லை 18.25 கோடியாகச் சுருங்கியிருந்ததால் விழுக்காடு சற்றுப் பெரிதாகத் தெரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கார்டுக்கு இத்தனையா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. நான்கு பருவங்களில் இரண்டு கோப்பைகள். 2023, 2024 இரண்டிலும் ஆண்டின் சிறந்த வீரர்களின் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியில் இடம். போதாக்குறைக்கு 2024-இன் கடைசியில் ஆள் இல்லாதபோது இடது டேக்கிளாகவும் நின்றார். 2025-இல் அவரை பேர்ஸ் அணிக்குக் கொடுத்து நான்காம் சுற்று வாய்ப்பு ஒன்றும் பெற்றார்கள்.

இன்னும் பழைய உதாரணமும் உண்டு. 2006-இல் ஸ்டீவ் ஹட்சின்சன் என்ற கார்டுக்கு சீஹாக்ஸ் அணி, ஃபிரான்சைஸ் டேக்கைவிட மலிவான டிரான்சிஷன் டேக்கைப் போட்டுவைத்தது. வேறோர் அணி ஒப்பந்தம் எழுதினால், அதே நிபந்தனைகளைத் தானும் ஏற்றால்தான் வீரரை வைத்துக்கொள்ள முடியும் என்பது அந்த முறை. வைக்கிங்ஸ் அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 4.9 கோடி என்று எழுதி, அணியின் லைன்மேன்களிலேயே அதிகச் சம்பளம் பெறுபவராக அவர் இல்லாவிட்டால் முழுத் தொகையும் உறுதியாகிவிடும் என்ற விதியையும் சேர்த்தது. சீஹாக்ஸில் அவரைவிட அதிகம் பெறும் வால்ட்டர் ஜோன்ஸ் இருந்ததால் அந்த ஒப்பந்தத்தை ஈடுகட்ட அவர்களால் முடியவில்லை. அன்று 10.2 கோடியாக இருந்த எல்லையில் அது 6.9 விழுக்காடு. அந்த வீரர் 2020-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். ஒரு கார்டுக்கு வரலாற்றில் கொடுக்கப்பட்ட மிக நியாயமான விலைகளில் ஒன்று என்றே நான் அதைக் கருதுகிறேன்.

எல்லாக் கார்ட் கொள்முதலும் இப்படி முடிவதில்லை. ராம்ஸ் அணி 2024-இல் ஜோனா ஜாக்சனை மூன்று ஆண்டுகளுக்கு 5.1 கோடிக்கு வாங்கி, ஒரே பருவத்தில் மனம் மாறி, ஆறாம் சுற்று வாய்ப்புக்குக் கொடுத்துவிட்டது. பேந்தர்ஸ் அணியின் கதை நடுவில் நிற்கிறது. 2023-இல் அவர்களுடைய இளம் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் பந்தை வீசுமுன் 62 முறை வீழ்த்தப்பட்டார். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் அடுத்த மார்ச்சில் ராபர்ட் ஹன்ட்டுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 10 கோடியும், டேமியன் லூயிஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 5.3 கோடியும் கொடுத்தார்கள். 10 கோடி ஒரு கார்டுக்கா என்ற கூக்குரல் எழுந்தது. விழுக்காட்டில் அது மெக்கிளிஞ்சி என்ற டேக்கிளின் அதே 7.8 தான். 2024-இல் ஹன்ட் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌலுக்குத் தேர்வானார், யங்கும் நிமிர்ந்து நின்று எறியத் தொடங்கினார். 2025-இன் தொடக்கத்திலேயே ஹன்ட் காயமடைந்து வெளியேறினார். காயத்தை எந்த அட்டவணையாலும் கணிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் டெரான் ஆர்ம்ஸ்டெட் போன்றவரை 30 வயதில், காய வரலாறு தெரிந்தே ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கும்போது அது விபத்து ஆகாது. டால்ஃபின்ஸ் அணியில் அவர் மூன்று பருவங்களில் முறையே 13, 10, 15 ஆட்டங்கள் ஆடி ஓய்வு பெற்றார்.

2025-க்குப் பிறகு இந்தக் கணக்கு சற்றே குழம்பியிருப்பதையும் மறைக்கக் கூடாது. சீஃப்ஸ் அணி கார்டான டிரே ஸ்மித்துக்கு ஏறக்குறைய 2.34 கோடியில் டேக் போட்டு, பிறகு நான்கு ஆண்டுகளுக்கு 9.4 கோடிக்கு நீட்டித்தது. டேக்கிள் விலையைக் கார்டுக்குக் கொடுக்க ஓர் அணி துணிந்துவிட்டால், மற்ற அணிகளும் அதைக் காட்டிக் கேட்கும் முகவர்களைச் சந்தித்தே ஆக வேண்டும். நல்ல கார்ட் மலிவாகக் கிடைத்த காலம் முடிவுக்கு வருகிறது என்று நினைக்கிறேன்.

தளத்தைப் பற்றிய என் குறைகள் இரண்டே. இடது டேக்கிள், வலது டேக்கிள், இடது கார்ட், வலது கார்ட், சென்டர் என்று ஒப்பந்தங்களைத் தனித்தனிப் பட்டியலாக வைத்திருப்பதால், லைன் முழுவதையும் ஒரே பார்வையில் ஒப்பிட ஐந்து பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. ஒருவர் பக்கம் மாறி ஆடுவது சாதாரணம். இடது டேக்கிளாகப் பெயர் வாங்கிய பிரவுனே ரெய்டர்ஸில் வலப்பக்கம்தான் நின்றார். மற்றொன்று, பழைய அணியில் நீட்டிப்புப் பெற்றவரும் புதிய அணிக்கு விலை பேசப்பட்டவரும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். இவ்விருவரையும் நிறம் மாற்றிக் காட்டினாலே போதும்; பட்டியலின் உச்சியில் நீட்டிப்புப் பெற்றவர்களும் அதற்குக் கீழே சந்தைக்கு வந்தவர்களும் இருப்பது யார் கண்ணுக்கும் தெரிந்துவிடும், டான் மூரின் 8.2 கோடியை வர்ஃப்ஸின் 14 கோடிக்குப் பக்கத்தில் வைத்து யாரும் குழம்ப மாட்டார்கள்.