இரண்டு கலத்தல்கள்: ‘கோஸ்ட் இன் தி ஷெல்’, ‘எவாங்கெலியன்’

1995 அக்டோபரில் ஹிதேயாகி அன்னோவின் ‘நியான் ஜெனிசிஸ் எவாங்கெலியன்’ என்னும் அனிமே தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அடுத்த மாதமே மமோரு ஓஷியின் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ என்னும் அனிமே படம் திரைக்கு வந்தது. இரண்டும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: ‘நான்’ என்கிற வேலியைப் பிரித்துவிட்டு இன்னொரு உயிரோடு கலந்துவிடலாமா? கலக்கலாம் என்கிறார் ஓஷி. கூடாது என்கிறார் அன்னோ.

ஓஷியின் படத்தில் என்னை விடாமல் துரத்துவது குப்பை வண்டிக்காரனின் காட்சி. மனைவி, மகள் என்று உருகுகிறான். அப்படி யாருமே இல்லை, அவை உனக்குள் புகுத்தப்பட்ட நினைவுகள் என்று விசாரணை அறையில் சொல்கிறார்கள். அவன் ஆசையாகக் காட்டிய புகைப்படத்தில் மகள் இல்லை. அந்தப் பொய் நினைவையாவது அழித்துவிட முடியுமா என்று கேட்கிறான். அதற்கும் உறுதியான வழியில்லை. நினைவுதான் நான் என்றால், அவன் யார்? முழு உடலும் இயந்திரமான நாயகி மோட்டோகோ குசனாகியின் கலக்கம் இங்கேதான் நமக்கும் தொற்றுகிறது. சண்டைக் காட்சிகளை நான் மறந்தேவிட்டேன்.

அன்னோவின் களம் உடல் இல்லை, தனிமை. நான்கு ஆண்டுகள் எதுவும் செய்ய இயலாமல் கிடந்த பிறகு இதை எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். நான்காம் அத்தியாயத்தின் ஆங்கிலத் தலைப்பு ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவரின் முள்ளம்பன்றி உவமை: குளிருக்கு நெருங்கினால் முள் குத்தும், விலகினால் குளிரும். ராட்சதப் போர் இயந்திரத்தை ஓட்டும் பதினான்கு வயது நாயகன் ஷின்ஜியின் வாழ்க்கையே அதுதான். எதிரியின் தாக்குதலைத் தடுக்கும் ஏ.டி. ஃபீல்ட் என்னும் கவசம், ஒவ்வொரு மனிதரின் உள்ளத்தையும் சூழ்ந்த சுவர்தான் என்று பின்னால் தெரியவரும்போது போர்க்கதை முழுவதும் உள்முகமாகத் திரும்பிவிடுகிறது. தொடரில் வரும் கிறித்தவச் சின்னங்களைத் தோண்டி அர்த்தம் தேடுவோர் உண்டு. எனக்கு அதில் நாட்டமில்லை.

இருவரின் பதிலும் நேர் எதிர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் பேசுவது ஒரே கலத்தலைப் பற்றியா? ஓஷியின் படத்தில் மோட்டோகோவோடு கலக்க விரும்பும் பொம்மலாட்டக்காரன் கணினி வலைப்பின்னலில் பிறந்த உயிர். நகல் எடுத்துக்கொண்டே போனால் அது வாழ்வாகாது, ஒரே கிருமி அத்தனை நகலையும் அழித்துவிடும் என்று வாதாடுகிறது. அது வேண்டுவது வேறுபாட்டை, சாவை, வாரிசை. மோட்டோகோவிடம் சம்மதமும் கேட்கிறது. அன்னோவின் கதையிலோ, மனக்குறையை நிரப்புவதாகச் சொல்லி ஒரு சிலர் மனிதகுலம் முழுவதையும் ஒரே கடலாகக் கரைக்கத் திட்டமிடுகிறார்கள். அங்கே வேறுபாடே நோயாகக் கருதப்படுகிறது. யாரிடமும் சம்மதம் கேட்கப்படுவதில்லை. ஒன்று திருமணத்தைப் போன்றது, மற்றது வெள்ளத்தைப் போன்றது.

சிந்தனையின் கட்டுக்கோப்பில் ஓஷியின் படமே மேல். தொடரின் இறுதி இரண்டு அத்தியாயங்கள் ஷின்ஜியின் மனத்துக்குள்ளேயே நடந்து பலரைக் கோபப்படுத்தியதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் கை அன்னோவின் பக்கமே நீள்கிறது. மோட்டோகோ தன்னை விட்டுக்கொடுக்கும்போது அவளுக்காக வருந்த அவளுடைய தோழன் பட்டோ ஒருவன்தான் இருக்கிறான். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறாள். 1997-இல் வந்த ‘தி எண்ட் ஆஃப் எவாங்கெலியன்’ படத்தில் ஷின்ஜி, அந்தக் கலத்தலை மறுத்து, மறுபடியும் காயப்படுவோம் என்று தெரிந்தே தனி மனிதனாகத் திரும்புகிறான். கண் விழிப்பது சிவந்த கடலின் கரையில். பக்கத்தில் கிடக்கும், அவனைப் போலவே இயந்திரம் ஓட்டும் அசுகாவின் கழுத்தை நெரிக்கிறான். அவள் கையை உயர்த்தி அவன் கன்னத்தைத் தடவுகிறாள். அவன் பிடி தளர்ந்து அழுகிறான்.