கடையில் கியூஆர் மட்டை: வன்னியில் பாவித்துப் பார்த்ததில் தெரிந்தவை

வாடிக்கையாளர் போனால் ஸ்கேன் பண்ணி வங்கிக் கணக்குக்குக் காசு கட்டும் கியூஆர் மட்டையை மேசையில் வைப்பது சின்ன வேலை. காசு உண்மையில் வந்ததா என்பது கடையில் நிற்பவருக்கு அந்த நிமிடமே தெரியவேண்டும். பாடு முழுக்க அதில்தான். பலசரக்குக் கடைகளில் மட்டை கொஞ்ச நாளில் சீனி மூட்டைக்குப் பின்னால் போய்விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மட்டைக்கு வங்கியில் விண்ணப்பம் நிரப்பும்போதே இதைச் சரிபண்ணலாம். காசு விழுந்ததும் எஸ்எம்எஸ் எந்த இலக்கத்துக்கு வரும் என்று கேட்பார்கள். பலரும் முதலாளியின் இலக்கத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போனால் மெசேஜும் அவருடன் போய்விடும். கடையில் நிற்கும் பெடியனோ தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் சாமான் கொடுக்கவேண்டும். கடைக்கென்று ஒரு பழைய போன், ஒரு சிம், அதை மேசையிலேயே சார்ஜில் வைப்பது என்று முதலே முடிவெடுங்கள். சிம் எடுக்கும்போது உங்கள் கடைக்குள் எந்த நிறுவனத்தின் கவரேஜ் நிற்கிறது என்று பார்த்து எடுங்கள். ஏ9 வீதியோரம் எதுவும் பரவாயில்லை. உள்ளே போகப் போக ஊருக்கு ஊர் மாறும்.

அடுத்தது பெயர். குறியீட்டுக்குள் கடைப் பெயருக்கு 25 எழுத்தும் ஊருக்கு 15 எழுத்தும்தான் கொள்ளும். புதுக்குடியிருப்பை ஆங்கிலத்தில் எழுதினால் 17 எழுத்து, வால் அறுந்துதான் வரும். அது பரவாயில்லை. ஆனால் கடைப் பலகையில் ஒரு பெயரும் வாடிக்கையாளரின் திரையில் வேறு பெயரும் வந்தால், ‘இது ஆற்றை பேர்?’ என்று கை நின்றுவிடும். பலகையில் உள்ள பெயரே திரையிலும் வரும்படி வங்கியில் கேட்டுப் போடுவியுங்கள். லங்காகியூஆர் என்பது இலங்கை முழுவதற்கும் பொதுவான கியூஆர் தரம். எந்த வங்கியின் மட்டையை வைத்தாலும், அதில் இணைந்த மற்ற வங்கி அப்புகளாலும் கட்டலாம். இரண்டு மூன்று மட்டையை வரிசையாக அடுக்கினால் மாலைக் கணக்குத்தான் குழம்பும்.

நிரந்தர மட்டையில் தொகையை வாடிக்கையாளரே அடிக்கவேண்டும். 1250 என்பது 125 ஆகும், சிலவேளை 12500 ஆகும். அவர் ‘சரி’ அமத்த முதல் திரையை ஒருக்கால் பார்த்துவிடுங்கள். பெரிய தொகைக்குக் கடை அப்பிலேயே தொகையை அடித்து, அந்தச் சிட்டைக்கென்று ஒரு குறியீட்டை எடுத்துக் காட்டுவது நல்லது. கூடுதலாக விழுந்த காசை வங்கியால் திருப்பி எடுக்க நாள் பிடிக்கும். வங்கியில் விழுந்ததை உறுதிசெய்துகொண்டு காசாகத் திருப்பிக் கொடுங்கள். பரிமாற்ற இலக்கத்தைக் கொப்பியில் எழுதி ஒரு கையெழுத்தும் வாங்குங்கள்.

‘அண்ணை, அனுப்பிட்டன், இஞ்ச பாருங்கோ’ என்று திரையைக் காட்டினால், அது சாமான் கொடுக்கப் போதாது. பழைய ஸ்கிரீன்ஷொட்டில் திகதியை மாற்றுவது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஏமாற்றாதவரிடமும் ‘செயற்பாட்டில் உள்ளது’ என்று தொங்கி நின்று, பிறகு காசு அவர் கணக்குக்கே திரும்புவதுண்டு. எஸ்எம்எஸ் பிந்தினால் கடை அப்பைத் திறந்து தொகை, நேரம், பரிமாற்ற இலக்கம் மூன்றையும் ஒப்பிடுங்கள். ‘பொறுங்கோ, மெசேஜ் வரட்டும்’ என்பதை எல்லோருக்கும் ஒரேமாதிரிச் சொன்னால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். ஆள் பார்த்துச் சொன்னால்தான் பிரச்சினை. வற்றாப்பளைப் பொங்கல் மாதிரிச் சனம் திரளும் நாளில் டவர் திணறும். அன்றைக்குக் காசு மட்டும் என்று எழுதித் தொங்கவிடுவது மேல்.

தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் குறையும். டேட்டா தேவைப்படுவது வாடிக்கையாளரின் போனுக்கு. ஆகவே மட்டை உள்மேசையில் இருப்பதைவிட விறாந்தைப் பக்கம் இருப்பது நல்லது. ஆனால் அங்கே வெயிலும் செம்மண் புழுதியும். இங்க்ஜெட் அச்சு வெயிலில் வெளிறிவிடும், லேசர் அச்சு நிற்கும். பளபளப்பான லமினேட்டில் ரியூப் லைட் பட்டுத் தெறித்தால் கமரா தடுமாறும், மங்கலான மேற்பரப்பு வேண்டும். ஒரு மீற்றர் தூரத்திலிருந்து எடுக்க ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் சதுரம் தேவை. சுற்றியுள்ள வெள்ளை ஓரமும் குறியீட்டின் பகுதிதான். அதன்மேல் ரீலோட் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வெளியே இருக்கும் மட்டைக்கு மேல் வேறு ஆள் தன் குறியீட்டை ஒட்டிவிட்டுப் போகலாம். கடை திறந்ததும் உங்கள் போனால் ஒருமுறை ஸ்கேன் பண்ணி, பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள்.

விழும் காசில் வங்கி பிடிக்கும் கழிவு வீதத்தை ஒப்பந்தத்தில் பார்த்துக் கையெழுத்து வையுங்கள். ஒரு வீதம் என்று வைத்தால் ஆயிரத்துக்குப் பத்து ரூபாய். பிஸ்கற்றிலும் சவர்க்காரத்திலும் அது தெரியாது. இலாபம் குறைந்த சீனி, மா, போன் ரீலோட்டில் தெரியும். ரீலோட்டுக்குக் கியூஆர் வாங்காமல் விடுவதே புத்தி. சில வங்கிகள் கழிவு போக மிச்சத்தை மொத்தமாக வரவு வைக்கும். விற்பனைக் கொப்பியும் வங்கிக் கணக்கும் பொருந்தவில்லை என்று தலையைப் பிய்க்க முதல் இதைப் பாருங்கள்.

யாரும் பெரிதாகச் சொல்லாத பயன் கடன் கொப்பியில் இருக்கிறது. மட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கொழும்பில் வேலை செய்யும் மகன், வீட்டார் கடையில் வைத்த கடனை அங்கிருந்தே கட்டலாம். பல அப்புகள் படத்திலிருந்தும் குறியீட்டை வாசிக்கும். குறிப்பில் கடன்காரரின் பெயரைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யாருடைய கணக்கில் கழிப்பதென்று தெரியாது. சம்பளக்காரர்களான ஆசிரியர்கள், கச்சேரி (மாவட்டச் செயலக) ஆட்கள் இதற்குச் சுலபமாகப் பழகுகிறார்கள். அறுவடைக் காசு கையில் தாளாக வருகிற வீடுகளில் வற்புறுத்திப் பயனில்லை. 2022 எரிபொருள் வரிசையில் பெற்றோலுக்குக் கியூஆர் காட்டவேண்டியிருந்ததால் அது எல்லோருக்கும் பழக்கம்தான், ஆனால் வயது போனவர்கள் சிலர் அந்தப் பெற்றோல் கியூஆரையே நீட்டுவார்கள்.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் தங்கள் நாட்டுப் போன் கட்டண முறையான யூபிஐ மூலம் லங்காகியூஆரில் கட்டும் வசதி 2024 பெப்ரவரி 12 அன்று தொடங்கியது. உங்கள் மட்டையில் அது வேலை செய்யுமா என்று வங்கியில் கேட்டு வையுங்கள். லண்டன், கனடாவிலிருந்து வரும் சொந்தக்காரரின் வங்கி அப்பை இதற்கு நம்பவேண்டாம். அவர்களிடம் முதலே சொல்லிவிட்டால், சாமான் கட்டிய பிறகு சங்கடப்படத் தேவையில்லை.