டி91, 347எச், சூப்பர் 304எச், எச்ஆர்3சி: நீராவிக்குள் எது தாக்குப்பிடிக்கும்?

பாய்லரில் நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் டியூப்புக்கு மேலே சொன்ன நான்கில் எந்த எஃகு என்று பேச்சு வந்தாலே முதலில் மேசைக்கு வருவது வலிமைக் கணக்கும் கிலோ விலையும்தான். டியூப்பின் உள்பக்கத்தை நீராவி என்ன செய்யும் என்று கேட்பவர்கள் குறைவு. டியூப் வெடித்து யூனிட் நின்ற பிறகுதான் அந்தக் கேள்வியே வரும்.

உள்ளே செதில், அதாவது துரு மாதிரியான ஆக்சைடு அடுக்கு, வளர ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது? ஃபீட்வாட்டரில், அதாவது பாய்லருக்குள் செலுத்தும் தண்ணீரில், கரைந்திருக்கும் காற்றிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அந்தச் சூட்டில் எஃகு நீர் மூலக்கூறிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது, ஹைட்ரஜன் வெளியேறுகிறது. அதனால் தண்ணீரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் இது நிற்காது. டி91 துண்டை 650 டிகிரியில் காய்ந்த காற்றில் வைத்தால் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் மூடிக்கொண்டு சும்மா கிடக்கும். அதையே நீராவியில் வைத்தால் வெளியே மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு, உள்ளே இரும்பும் குரோமியமும் கலந்த ஸ்பைனல் வகை ஆக்சைடு என்று தடித்த இரட்டைத் தோல் வளரும். காற்றில் செய்த சோதனை வரைபடத்தைக் காட்டி யாராவது டியூப் விற்க வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, டி91. 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம், கொஞ்சம் வனேடியமும் நியோபியமும். 1970களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வேக அணு உலைகளுக்காக உருவானது. கல்பாக்கத்தில் உள்ள பிஎஃப்பிஆர் என்ற வேக அணு உலையின் நீராவி ஜெனரேட்டரிலும் இதே ரகம்தான், ஆனால் அங்கே நீராவி 500 டிகிரியைக்கூடத் தொடுவதில்லை, கவலையில்லை. 540 டிகிரி பாய்லருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். மெட்டல் வெப்பநிலை 600-ஐத் தாண்டினால் கதை வேறு: செதில் தடிக்கும், அது சூட்டைச் சரியாகக் கடத்தாது, அதனால் டியூப் இன்னும் சூடாகும், செதில் இன்னும் வேகமாக வளரும். ஒரு நல்ல குணம், டி91-உம் அதன் செதிலும் ஆறும்போது சுருங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் கணிசமாகத் தடிக்கும் வரை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அந்தக் குணம் 347எச்-இடம் கிடையாது. 18 சதவீதக் குரோமியம் இருப்பதால் செதில் டி91-ஐவிட மெல்லியதுதான், பேப்பரில் பார்த்தால் அழகு. ஆனால் 347எச் ஆஸ்டெனிடிக் வகை, அதாவது நிக்கல் அதிகம் கலந்த எஃகு; அது ஆறும்போது டி91-ஐப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சுருங்கும், செதில் அப்படிச் சுருங்காது, உப்பிப் பிளந்து உதிரும். நான் வேலை பார்த்த ஒரு யூனிட்டில் அவசரமாக ஆறவைத்து, அவசரமாக லைட்-அப் செய்தோம் (பாய்லரை மறுபடி பற்றவைத்தோம்), சில நாளில் டியூப் வெடித்தது. கீழ் வளைவை வெட்டித் தட்டினால் கறுப்புச் சில்லுகள் கையளவு கொட்டின, நகவெட்டுத் துணுக்கு மாதிரி, ஓரமெல்லாம் சுருண்டு. நீராவி போக வழியில்லாமல் அந்த ஒரு டியூப் மட்டும் காய்ந்து வெடித்திருக்கிறது. வளைவில் தங்காத சில்லு டர்பைன் பிளேடை அரிக்கும், அது தனிச் செலவு.

இதில் ஒரு சின்ன லாபம் உண்டு. ஆஸ்டெனிடிக் டியூப் காந்தத்தில் ஒட்டாது, மேக்னடைட் ஒட்டும். அதனால் வெட்டாமலே வெளியிலிருந்து காந்தக் கருவி வைத்து எந்த வளைவில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். டி91 தானே காந்தத்தில் ஒட்டும் என்பதால் அங்கே இது பலிக்காது, எக்ஸ்-ரேதான்.

சூப்பர் 304எச்-உம் நுண்மணி 347-உம் இதே குடும்பம்தான். வித்தியாசம் மணி அளவில், அதாவது எஃகுக்குள் இருக்கும் நுண்படிகங்களின் அளவில். குரோமியம் மேற்பரப்புக்கு வருவது பெரும்பாலும் மணி எல்லைகள் வழியாக, மணி சிறியதாக இருந்தால் பாதைகள் அதிகம். உள்பக்கத்தில் ஷாட் பீனிங்கும் (சிறு உருண்டைகளை வேகமாக மோதவைத்து மேற்பரப்பை நசுக்குவது) செய்துவிட்டால் நசுங்கிய அந்த மேல்தோல் வழியாகக் குரோமியம் இன்னும் சுலபமாக வந்து படலத்தை மூடிவிடும், உதிர்வதற்குச் செதிலே அதிகம் வளராது. 600 டிகிரி நீராவிக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரே எச்சரிக்கை, வளைத்த பிறகு அந்த வளைவைச் சொல்யூஷன் அனீல் செய்தால் (அதிகச் சூட்டில் வைத்து வேகமாக ஆறவைத்தால்) அங்கே பீனிங் பலன் போய்விடும், சில்லு சேரும் இடமும் அதுதான்.

எச்ஆர்3சி-யில் 25 குரோமியம், 20 நிக்கல். செதில் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. விலையைச் சொல்லவே வேண்டாம், அப்புறம் சில ஆண்டு ஓடியதும் மணி எல்லையில் கார்பைடு என்ற கார்பன் சேர்மம் சேர்ந்து குளிர்ந்த நிலையில் உடையக்கூடியதாகிவிடும், ஷட்டவுனில் சுத்தியல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி சூப்பர்ஹீட்டரின் மிகச் சூடான சில வரிசைகளுக்கு மட்டும் போடலாம்.

ஏற்கெனவே பழைய 347எச் போட்ட பாய்லர்தான் கையில் இருக்கிறதென்றால், மெதுவாக ஆறவிடுங்கள், லைட்-அப்புக்கு முன்னால் கீழ் வளைவு ஒவ்வொன்றிலும் காந்தக் கருவியை வைத்துப் பாருங்கள். ஷிஃப்ட் இன்சார்ஜ் நேரமில்லை என்பார். வைத்துப் பாருங்கள்.