கொழும்பு வளவுக்கு எது சரி: பெட்டித்தேனியா, கொசுத்தேனியா?

கொழும்பில தேனி வளர்க்கப்போறன் எண்டு சொல்லுற கனபேருக்கு மனசில வாறது மரப்பெட்டியும் போத்தல் போத்தலா தேனும்தான். வெள்ளவத்தை, தெஹிவளை மாதிரி மதிலோட மதில் ஒட்டின இடத்துக்கு நான் சொல்லுறது கொசுத்தேனி, அதாவது கொட்டாத சின்னத் தேனி. ஹோமாகம பக்கம் தென்னை நிக்கிற பெரிய காணி இருந்தா அது வேற கதை.

தேன்தான் முக்கியம் எண்டா பெட்டிக்குத்தான் வெற்றி, அதில பேச்சில்ல. பெட்டியில வைக்கிறது எங்கட நாட்டுத்தேனி, ஏபிஸ் செரானா, நல்ல இடமெண்டா வருசத்துக்கு சில கிலோ தரும். களுத்துறை, கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு அருகில இருக்கிறவைக்கு இன்னும் விசேசம், ஏனெண்டா வருசத் தொடக்கத்தில ரப்பர் இலை உதிர்த்து புதுத்தளிர் விடேக்க இலைக்காம்பில இருந்தே இனிப்பு சுரக்கும், பூவுக்காகக் காத்திருக்கத் தேவையில்ல. கொசுத்தேனியில சில நூறு கிராம் கிடைச்சாலே பெரிசு, அதுவும் புளிப்பு, தண்ணி கூட, பிரிட்ஜில வைக்காட்டி நுரைச்சு வரும்.

ஆனா பெட்டித்தேனி கோவக்காரன். பசி, எறும்பு, மெழுகுப்பூச்சி எது தொந்தரவு குடுத்தாலும் ஒருநாள் முழுக்கூட்டமும் எழும்பிப் போயிடும். மே மாசம் மழை பிடிச்சா வெளிய போக ஏலாம உள்ள இருக்கிற தேனைத்தான் தின்னும், அந்த நேரம் சீனியும் தண்ணியும் சரிக்குச்சரி கரைச்சு வைக்கவேணும். கொசுத்தேனியில முட்டையிடுற ராணிக்கு வயிறு பெருத்து பறக்கவே ஏலாது, அதால கூட்டை விட்டுட்டுப் போற கதையே இல்ல. கொட்டவும் மாட்டாது, கூட்டைக் கிளறினா தலைமயிருக்குள்ள புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில சின்னப்பிள்ளை இருந்தா இது ஒண்டே போதும் முடிவெடுக்க.

கொழும்புக்கெண்டே இருக்கிற பிரச்சினை டெங்கு. எறும்பு ஏறாம பெட்டிக்காலை தண்ணிக்கிண்ணத்தில நிறுத்தச் சொல்லுவினம், இங்க அப்பிடி வைச்சா நுளம்பு முட்டையிடும், சுகாதாரப் பரிசோதகர் வந்தா பதில் சொல்லவேணும். தண்ணிக்குப் பதிலா பழைய எஞ்சின் ஒயில் விடுங்கோ. அதைவிடப் பெரிய பயம் நுளம்புக்குப் புகை அடிக்கிறது, அந்தப் பூச்சிமருந்துக்கு நுளம்பும் தேனியும் ஒண்டுதான், விடிய அல்லது பொழுதுபடத்தான் அடிப்பினம். கொசுத்தேனிக் கூட்டின்ர வாசல் விரல் தடிப்புக் குழாய், வலைத்துண்டு ஒண்டை வைச்சு அடைச்சு, ஈரச்சாக்கால மூடிவிட்டா தப்பிக்கலாம். பெட்டி நிறைஞ்ச செரானாவை அடைச்சா வெக்கையில உள்ளயே செத்துப்போகும், கன கவனம் வேணும்.

அந்தக் குழாயைக் கிட்ட நிண்டு பாருங்கோ. மரப்பிசினும் மெழுகும் சேர்த்துக் கட்டின கறுத்த வாய், அதைச் சுத்தி விளிம்பில காவல்காரரின்ர தலைகள் வட்டமா நிக்கும், எறும்பு வந்தா பிசினைக் கொண்டுவந்து அதில ஒட்டிவிடும். செரானா வாசலும் அழகுதான், வெக்கைக்கு தலையை வெளிப்பக்கம் திருப்பி வைச்சுக்கொண்டு செட்டை அடிக்கும்.

ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் மட்டும் தலங்கம, தியவன்னா சதுப்புப் பக்கம் நீலவால் பஞ்சுருட்டான் எண்ட குருவி வந்து வயரில குந்தியிருந்து செரானாவைப் பறக்கேக்கயே பிடிக்கும். அதைக் கலைக்காதேங்கோ, 2018இல கொழும்புக்கு ராம்சர் எண்ட சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்ர ஈரநில நகரம் எண்ட பேர் கிடைச்சது இந்த மாதிரி உயிர்கள் வாழுற ஈரநிலங்களாலதான். கொசுத்தேனி அதுக்குப் பசி தீர்க்காத சின்னன்.

பூ விசயத்தில கொசுத்தேனி கனதூரம் போகாது, சில நூறு மீற்றருக்குள்ளதான், அதால உங்கட வளவிலயே சாப்பாடு இருக்கவேணும். நேர்சரியில விக்கிற எக்ஸோரா வண்ணத்துப்பூச்சிக்குத்தான், குழாய் நீளம், தேனிக்கு நாக்கு எட்டாது. துளசியைப் பூக்கவிடுங்கோ, தும்பையைப் பிடுங்காதேங்கோ, புல்லு வெட்டேக்க தொட்டாச்சுருங்கிக்கு ஒரு மூலையை விடுங்கோ, காலமையில மகரந்தத்துக்கு அதில மொய்க்கும். தென்னம்பாளை வருசம் முழுக்க இருக்கும், ரெண்டு இனத்துக்கும் அதுதான் சோறு.

கூடு வேணுமெண்டு மரத்தைப் பிளக்கத் தேவையில்ல. கொசுத்தேனி மதில் வெடிப்பிலயும் மீற்றர் பெட்டியிலயும் தானா இருக்கும், அந்த வாசலோட ஒரு குழாயால சின்னப்பெட்டியை இணைச்சுவிட்டா மாசக்கணக்கில மெல்லமெல்ல உள்ள கட்டத் தொடங்கும். செரானாதான் வேணும் எண்டு நிக்கிறவை பண்டாரவளை பிந்துனுவெவவில இருக்கிற விவசாயத் திணைக்களத்தின்ர தேனி வளர்ப்புப் பிரிவில விசாரிச்சுப்போட்டு இறங்குங்கோ.