ராணுவச் சட்டைக்குக் கூலி: ஆயுதசாலையா, காண்ட்ராக்டரா?

அமெரிக்க ராணுவத்துக்குச் சட்டை தைத்த பிலடெல்பியா பெண்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, ராணுவ உடைகளையும் தயாரித்த அரசின் ஸ்கூல்கில் ஆயுதசாலையிலேயே வெட்டிய துணியை மூட்டையாக வாங்கி, வீட்டில் தைத்துத் திருப்பிக் கொடுப்பது. அரசு வேலை என்றால் மாதச் சம்பளம் என்று நினைத்துவிட வேண்டாம், இதுவும் உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்குதான். 1830 வாக்கில் ஒரு சட்டைக்குப் பன்னிரண்டரை சென்ட். இது அநியாயம் என்று மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் எழுதி எழுதியே ஓய்ந்தார்.

இன்னொன்று, காண்ட்ராக்டரிடம் வாங்கித் தைப்பது. அதே சட்டை, அதே ராணுவம், நடுவில் ஒருவர் லாபம் எடுப்பார், அவ்வளவுதான். உள்நாட்டுப் போரில் விலைவாசி ஏறிக்கொண்டே போக, ஆயுதசாலை 1861-இல் கொடுத்த பதினேழரை சென்ட்டை 1864-இல் 15 ஆகக் குறைத்தது. சரி, காண்ட்ராக்டர்? 8 சென்ட்!

என்னைக் கேட்டால் ஆயுதசாலைதான் மேல், ஆனால் நல்ல கூலி என்று சொல்ல மாட்டேன். சின்சினாட்டி பெண்களும் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்: டஜன் சட்டைக்கு அரசிடம் 1.75 டாலர் வாங்கும் காண்ட்ராக்டர்கள் எங்களுக்கு 1 டாலர்தான் தருகிறார்கள், இதில் பிழைக்க முடியாது, வேலையை அரசே நேரடியாக எங்களிடம் கொடுக்கட்டும் என்று 1865 பிப்ரவரியில் லிங்கனுக்கே மனு அனுப்பினார்கள்.