பெரிய பவளத் தொட்டிக்கு விளக்கு: ரெடிமேடா, நாமே கட்டுவதா?

ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் என்று உயிருள்ள பவளங்களை வளர்க்கும் ஒரு தொட்டி வைத்தால் சுமார் 800 லிட்டர் உப்புநீர் வீட்டுக்குள் வந்துவிடும். சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுக்கும் கருவி), பம்ப் எல்லாம் ஓரளவு சீக்கிரம் முடிவாகிவிடும். விளக்கில்தான் பலரும் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். ரெடிமேட் எல்இடி விளக்குகள் நான்கை வரிசையாகத் தொங்கவிடுவதா, இல்லை எல்இடி, அதற்கு மாறாத மின்னோட்டம் தரும் டிரைவர், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் என்று தனித்தனியாக வாங்கி நாமே கட்டுவதா? நான் கட்டியவன். அந்தப் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன், தெரிந்தே படியுங்கள்.

மெட்டல் ஹாலைடு என்னும் பழைய வகை அதிவெளிச்ச விளக்கை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. மணலில் அது ஆடவிடும் ஒளியலை அழகுதான். ஆனால் 250 வாட், 400 வாட் பல்புகள் கக்கும் சூட்டுக்குப் பெரும்பாலும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். பல்பையும் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டி5 என்னும் மெல்லிய ஃப்ளூரசன்ட் குழல் விளக்குகளுக்கும் அதே மாற்றுச் செலவு உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை.

வெளிச்சத்தின் தரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி அதிகம் உறிஞ்சுவது நீல ஒளியை. அதனால் யார் செய்தாலும் 450 நானோமீட்டர் ராயல் புளூதான் முதுகெலும்பு. அதோடு 470 நீலம், 420 பக்கம் வயலட், கண்ணுக்கு இதமாக 6500 கெல்வின் வெள்ளை. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியைப் பார் (PAR) என்ற அளவில் சொல்வார்கள். மென்பவளங்களுக்கு 50 முதல் 100 பார், எல்பிஎஸ் வகைகளுக்கு (பெரிய பாலிப் உள்ள கல்பவளங்கள்) 100, 150 பார், எஸ்பிஎஸ் வகைகளுக்கு (சிறிய பாலிப் உள்ளவை) 200க்கு மேல் 350 வரை என்பது பொதுவான கணக்கு. இரண்டடி ஆழத்தில் இதை எட்ட இரண்டு வழியாலும் முடியும்.

செலவு மிச்சமாகும் என்று சொல்லித்தான் பெரும்பாலோர் கட்ட இறங்குகிறார்கள். சின்னத் தொட்டிக்கு அது உண்மையில்லை. பவர் சப்ளை, கன்ட்ரோலர், சால்டரிங் சாமான்கள் எல்லாம் தொட்டி சிறியது என்பதற்காகக் குறையாது. தொட்டி பெரிதாகப் பெரிதாகத்தான் கணக்கு நம் பக்கம் திரும்பும். ஆறடித் தொட்டியில் மிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் அதற்காக மட்டும் இந்த வேலையில் இறங்கச் சொல்ல மாட்டேன்.

நான் கட்டியது பழுதுபார்க்கும் வசதிக்காக.

ரெடிமேட் விளக்கு ஒன்று நான்காவது வருடம் செத்துப்போகிறது என்று வையுங்கள். உத்தரவாதம் முடிந்திருக்கும். உள்ளே எல்இடிகள் எல்லாம் அந்த மாடலுக்கென்றே அடித்த ஒரே போர்டில் இருக்கும். டிரைவரின் மேல் ரெசின் ஊற்றி மூடியிருப்பார்கள். அந்த மாடலும் அதற்குள் நின்றுபோய்ப் புது மாடல் வந்திருக்கும். ஒரு நாலு நாள் இருட்டை ஆரோக்கியமான பவளம் தாங்கிக்கொள்ளும். சிக்கல் அது இல்லை. நான்கு விளக்கில் ஒன்று மட்டும் புது மாடலாக வந்து தொங்கும்போதுதான் சிக்கல். அதன் நிறக்கலவை வேறு, லென்ஸ் கோணம் வேறு, பார் அளவு வேறு. மூன்று வருடமாக ஒரே வெளிச்சத்துக்குப் பழகி வளர்ந்த பவளத்தின் மேல் அது திடீரென்று விழும். வெளிச்சம் சட்டென்று கூடினால் பவளம் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். புது விளக்கை 30, 40 சதவீதத்தில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அதுவும் தொட்டியின் கால்பகுதிக்கு மட்டும். இல்லையென்றால் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கையால் கட்டிய விளக்கில் இந்தப் பிரச்சினையே வேறு மாதிரி. என்னுடையது இப்படி: 48 வோல்ட் பவர் சப்ளை ஒன்று, அதிலிருந்து பிரியும் 12 வரிசைகள், ஒவ்வொன்றிலும் தொடராக இணைத்த 12 எல்இடிகள். வரிசைக்கு மீன்வெல் நிறுவனத்தின் எல்டிடி-700எச் டிரைவர் ஒன்று. ஒரு எல்இடிக்கு மூன்று வோல்ட்டும் கொஞ்சமும் என்று வைத்தால் 12க்கு 37 வோல்ட் பக்கம் வரும். 700 மில்லிஆம்பியரில் வரிசைக்கு சுமார் 26 வாட், மொத்தம் 310 வாட் சொச்சம். டிரைவர்கள் சாக்கெட்டில் செருகியிருக்கின்றன. ஒன்று போனால் பிடுங்கிவிட்டு இன்னொன்றைச் செருக வேண்டியதுதான்.

எல்இடி ஒன்று போனால்? தொடர் இணைப்பு என்பதால் அந்த வரிசை முழுக்க அணைந்துவிடும். பயப்பட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் செத்தது எது என்று தெரிந்துவிடும். அதே வகை எல்இடியை அங்கே வைத்து சால்டர் செய்தால் வெளிச்சம் பழையபடி வந்துவிடும். கையில் உதிரி இல்லாவிட்டால் இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்துவிடலாம். நிலைமின்னோட்ட டிரைவர் என்பதால் மீதி 11 எல்இடிகளும் அதே மின்னோட்டத்தில் எரியும். பவளத்துக்கு எந்த மாற்றமும் தெரியாது. வயலட் எல்இடிகள்தான் மற்றவற்றுக்கு முன்னால் மங்கும், அதனால் அவற்றில் உதிரி கொஞ்சம் கூடவே வாங்கி வையுங்கள். எல்இடிகளை ஹீட்சிங்கில் வெப்பப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டாமல், வெப்பக் களிம்பு தடவித் திருகால் பிடிப்பது நல்லது. ஒட்டினால் கழற்றும்போது பக்கத்து ஒயர்களும் சேர்ந்து வரும். பழுதுபார்க்கத்தானே இவ்வளவு பாடும்.

நிறத்தையும் இதே போலத் திருத்தலாம். ஆறு மாதம் கழித்து வெள்ளை அதிகம் என்று தோன்றினால் ஒரு வரிசையை மட்டும் மாற்றினால் போதும். ரெடிமேடில் ஆப் மூலம் குறைக்கலாம், கூட்டலாம். இல்லாத நிறத்தைச் சேர்க்க முடியாது.

சரி, எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். மறுவிற்பனையில் ரெடிமேட் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். பெயர் தெரிந்த விளக்குக்கு எப்போதும் ஆள் உண்டு. நாம் கட்டியதை உதிரியாகத்தான் விற்க முடியும், அதுவும் வாங்குபவருக்கு நம்மேல் நம்பிக்கை இருந்தால். இரண்டு, மூன்று வருடத்துக்கொருமுறை எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கும் குணம் உள்ளவர்கள் கட்டவே வேண்டாம். தோற்றமும் அப்படித்தான். ரெடிமேட் கையளவு தடிமனில் அழகாகத் தொங்கும். என்னுடையது விறைப்பான அலுமினியச் சட்டம், மேலே மின்விசிறிகள், பக்கத்தில் ஒயர் கொத்து. மூடுபலகைக்குள் மறைத்துவிட்டேன், அதனால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

பாதுகாப்பு இன்னும் முக்கியம். உப்புநீர் தெறித்துக் காய்ந்து மெல்ல ஊர்ந்து எல்லா இணைப்பிலும் ஏறும். ரெடிமேடில் அதை யோசித்து அடைத்திருப்பார்கள், இங்கே நாம்தான் யோசிக்க வேண்டும். எல்இடிகளுக்கு முன்னால் ஒரு அக்ரிலிக் தகடு, நீர்புகாக் கனெக்டர்கள், தொட்டிக்கு மேலே போவது 48 வோல்ட் மட்டும். வீட்டு மின்சாரம் வரும் பவர் சப்ளை மூடிய பெட்டிக்குள் தள்ளி இருக்க வேண்டும். நீர்க்கசிவில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் எதையும் இயக்கக் கூடாது. மின்சாரம் ஓடும்போது எல்இடி வரிசையைக் கழற்றி மாட்டவும் கூடாது. டிரைவர் தேக்கி வைத்திருக்கும் மின்னழுத்தம் ஒரு நொடியில் எல்இடிகளைச் சாகடிக்கும். இதையெல்லாம் படிக்கும்போதே அலுப்பாக இருந்தால் ரெடிமேடே சரி, அதில் வெட்கமே இல்லை.

அளப்பதும் நம் தலையில்தான். ரெடிமேடுக்கு எந்த உயரத்தில் எத்தனை பார் என்று வரைபடம் கிடைக்கும். கட்டியவர்கள் பார் மீட்டரை யாரிடமாவது இரவல் வாங்கித் தண்ணீருக்குள் இறக்கிப் பார்க்க வேண்டும். பழைய மீட்டர்கள் சில நீலத்தைக் குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியின் லக்ஸ் ஆப் இதற்கு உதவாது, அது மனிதக் கண்ணுக்கான அளவு.

நிழல் விஷயத்தில் எனக்குப் பட்டறிவு குறைவு. என் தொட்டியில் எல்பிஎஸ்தான் அதிகம், எஸ்பிஎஸ் மேல்பாறையில் கொஞ்சம். 144 எல்இடிகளைச் சட்டம் முழுக்கப் பரப்பியதால் நிழல் பெரிதாகத் தெரியவில்லை. தொட்டி நிறைய அக்ரோபோரா என்னும் எஸ்பிஎஸ் பவளம் கிளைத்து நின்றால் கீழ்க்கிளைகளுக்கு டி5 தரும் பரவலான ஒளி வேண்டியிருக்கலாம். இரண்டையும் சேர்த்து ஓட்டுபவர்கள் அதையே சொல்கிறார்கள், நான் செய்து பார்த்ததில்லை. அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் சட்டத்தின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு குழல் அளவு இடம் விட்டே அடித்துவிடுங்கள், பிறகு கழற்றிக் கோக்கும் வேலை மிச்சம்.